ஆவிப்பெட்டியும் தையலக்காவின் அனலும்

"உடம்பு சரியில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் பிரிவுத் தலைவர்.

தையலக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டை உதறி, மடித்து, மடிமேல் வைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்படின்னா இப்ப உள்ளே நடந்ததுக்கு என்ன பேரு?"

"அனல். என் வயசுப் பொம்பளைங்களுக்கு வர்றதுதான். உங்க வீட்டுலயும் வந்திருக்கும், கேட்டுப் பாருங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்த மீட்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். எந்நேரமும் அளவுகளையே வெறித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். தலைவர் திரும்பிப் பார்த்ததும் இருமல் நின்றது.

தையலக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர அந்தச் சோதனைக்கூடத்தில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைவர் மட்டும் மேடம் என்பார், அதுவும் ஏதாவது ஆகவேண்டியிருந்தால். முன்பெல்லாம் அவள் ஒரு பட்டறையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் படகுக்காரர்களுக்கு மிதவைச் சட்டையும் தைத்துக்கொண்டிருந்தாள். கனத்த துணியில் தண்ணீர் ஒழுகாமல் தையல் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கிருந்து ஒருமுறை கேட்டு வந்தார்கள். கிழிந்துபோன விண்வெளி உடை ஒன்றைத் தைத்துக் கொடுக்கப் போனவள், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

விண்வெளி உடைக்கு உள்ளே, தோலோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிற உள்ளுடை ஒன்று உண்டு. வலைபோன்ற துணியில் நூடுல்ஸ் தடிமனில் குழாய்களை மேலும் கீழுமாகக் கோத்திருக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஓடும். காற்றே இல்லாத இடத்தில், மூடிக் கட்டிய உடைக்குள் இருக்கிற மனிதன் தன் சூட்டிலேயே வெந்துபோவான். அந்தச் சூட்டை இந்தத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போகவேண்டும். குழாய் தோலை விட்டு விலகினால் அந்த இடம் கொதிக்கும். இறுக்கினால் தண்ணீர் நிற்கும். எவ்வளவு தளர்வு, எவ்வளவு இறுக்கம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. தானே கோத்து, தானே போட்டுப் பார்த்து, பிடிக்காமல் பிரித்துப் பிரித்துக் கோத்துக் கற்றுக்கொண்டாள். நினைத்த நேரத்தில் போட்டுப் பார்க்கக் கிடைத்த உடம்பு தன்னுடையது மட்டும்தான் என்பதால், உள்ளுடையைத் தன் அளவுக்கே வெட்டினாள்.

அதனால்தான் ஆவிப்பெட்டியோடு ஆள் வைத்துச் சோதிக்கும் வேளை வந்தபோது, உள்ளே இறங்க அவளைவிட்டால் வேறு ஆள் இல்லாமல் போயிற்று.

ஆவிப்பெட்டி என்பது சூட்டை வெளியே தள்ளுகிற கருவி. உடம்பைச் சுற்றி வந்த வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குள் மயிரிழை போன்ற குழாய்க் கட்டு வழியாகப் போகும். அந்த இழைகளின் சுவர் தண்ணீரை விடாது, ஆவியை விடும். வெளியே வெற்றிடம். வெற்றிடத்தில் தண்ணீர் கொதிக்க அடுப்பு வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போகும், போகும்போது மிச்சத் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு ஆவி போகலாம் என்பதை ஒரு மூடி தீர்மானிக்கும். சூடு கூடினால் மூடி திறக்கும், குறைந்தால் சாத்தும். எல்லாம் தானாக.

பெட்டி ஒரு இரும்புத் தொட்டிக்குள் இருந்தது. பம்புகள் அந்தத் தொட்டியின் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி வைத்திருக்கும். பக்கத்து அறையில் தையலக்கா உடையைப் போட்டுக்கொண்டு டிரெட்மில்லில் நடப்பாள். சுவரில் போட்ட துளை வழியாக இரண்டு குழாய்கள் அவளையும் பெட்டியையும் சேர்க்கும்.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடை சீராக இருந்தது, தண்ணீரும் இதமாக இருந்தது. திடீரென்று நெஞ்சுக்குழியில் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல் இருந்தது. கழுத்து, காது, உச்சந்தலை என்று அனல் ஏறியது. பெட்டி அதை உணர்ந்தது. மூடியும் திறக்கத் தொடங்கியது. ஆனால் சோம்பேறி வாயிற்காவலன்போல ஒவ்வொரு அங்குலமாகத் திறந்தது. அது முழுதாகத் திறப்பதற்குள் அனல் வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது, உடம்பெல்லாம் வியர்வை. அப்போதுதான் பனிக்கட்டி மாதிரி தண்ணீர் வந்து முதுகில் பாய்ந்தது. பல் கிட்டித்துப்போய் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூடி சாத்துவதும் அதே நிதானத்தில்தான்.

வேண்டிய நேரத்தில் குளிர்ச்சி இல்லை, வேண்டாத நேரத்தில் கொட்டுகிறது. இந்தச் சோதனை ஓட்டம் கணக்கில் சேர்ந்தால் பெட்டி தேறாது. தலைவருக்கு அதுதான் கவலை. உடையைப் போட்டிருப்பவரோ டாக்டரோ உடல்நலக் குறைவு என்று சொன்னால் ஓட்டத்தைத் தள்ளிவிடலாம் என்பது கூடத்தின் விதி.

தலைவர் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார். நாடித்துடிப்பைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வந்து உட்காருகிறவர்.

"டாக்டர், நீங்களாவது..."

"இதை நோய்ன்னு நான் எப்படி சார் சொல்றது? அப்புறம் உலகத்துல பாதிப்பேரை நான் படுக்கவச்சு வைத்தியம் பார்க்கணும்."

"வழக்கமான நிலை இல்லைன்னாவது சொல்லலாமே."

"எனக்கு இதுதான் சார் வழக்கம்" என்றாள் தையலக்கா. "ரெண்டு வருஷமா."

தலைவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முன்னொரு தடவை மூடியை வேகமாகத் திறக்கும்படி வைத்திருந்தார்கள். இழைகளுக்குள்ளேயே தண்ணீர் உறைந்து, கட்டு முழுவதும் வெடித்துப்போயிற்று. அதை அவர் கையாலேயே பிரித்தெடுத்துக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்துதான் மூடிக்கு அந்த நிதானம். எது சரியான நிதானம் என்று அளக்க ஒரு பொம்மையை வைத்தார்கள். உள்ளே மின்சாரக் கம்பி வைத்த பொம்மை. அதன் சூட்டைப் படிப்படியாக ஏற்றினார்கள், படிப்படியாக இறக்கினார்கள். மூடி அழகாக ஈடுகொடுத்தது. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

"பொம்மை வச்சு எத்தனையோ ஓட்டம் பார்த்தாச்சு மேடம். இப்படி ஒருதடவைகூட ஆகல."

"பொம்மைக்கு மாசாமாசம் வந்ததும் இல்ல, நின்னதும் இல்ல சார். அதுக்கு என்ன தெரியும்?"

இந்த முறை மீட்டர் இருமவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டார்.

வீட்டில் அவள் கணவர் கதையைக் கேட்டுக்கொண்டே கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டு வந்துட வேண்டியதுதானே. எதுக்கு அந்த மனுஷனோட மல்லுக்கு நிக்கற?"

"என்னன்னு சொல்ல? எனக்கு வியாதின்னா?"

"வியாதின்னு இல்ல... சும்மா, அன்னைக்கு உடம்பு முடியலன்னு."

"நாளைக்கு நிஜமாவே ஒருத்தி அதைப் போட்டுக்கிட்டு அங்கே மேலே போவா. என் வயசுல போகக்கூடாதுன்னு சட்டமா? அவளுக்கு இப்படி வரும்போது கண்ணாடியெல்லாம் மூச்சுல மூடிக்கும், கை நடுங்கும். அப்ப யாருகிட்டப் போய் உடம்பு முடியலன்னு சொல்லுவா?"

கணவர் குழாயை மூடினார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"வண்டி மேட்டுல ஏறும்போது சூடாகுதுன்னு ஒருத்தன் கொண்டுவந்து விட்டான்" என்றார். "எங்க சூப்பர்வைசர் சொல்றாரு, மேட்டுல ஏறாதேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவன் சண்டைபோட்டான். நான் ரேடியேட்டரைக் கழட்டினேன்." துண்டைக் கொடியில் போட்டார். "நீ சண்டைபோடு. ஆனா ராத்திரி ஃபேனை அஞ்சுல வைக்காதே, எனக்குச் சளி பிடிக்குது."

மறுநாள் தலைவர் வேறு வழியோடு வந்தார். மேற்பார்வைக் குழு வரப்போகிறது. அவர்கள் முன்னால் நடந்து காட்ட ஓட்டப்பந்தய வீரர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார். ஒல்லியான உடம்பு, பழகிய மூச்சு, எவ்வளவு ஓடினாலும் சூடு சீராகத்தான் ஏறும். உள்ளுடையை மட்டும் அவர் அளவுக்குப் பிரித்துக் கோத்துத் தரவேண்டும்.

தையலக்கா உள்ளுடையை மேசைமேல் விரித்துவைத்துக் குழாய் முனைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிரிக்கமாட்டேன் சார்."

"என்னது?"

"என் ஓட்டத்தைக் கணக்குல சேருங்க. சேர்த்துட்டு ஓட்டக்காரரைக் கூட்டிவாங்க, யானையைக் கூட்டிவாங்க, அளவெடுத்துத் தைச்சுத் தர்றேன். சேர்க்காம இதுல ஒரு முடிச்சுக்கூட அவிழ்க்கமாட்டேன்."

"இது உங்க வேலை மேடம்."

"வேலைதான். அதனாலதான் சொல்றேன்."

"வேற யாரையாவது வச்சுத் தைக்கவேண்டியிருக்கும்."

"வச்சுத் தைங்க. நான் ஒண்ணும் ஒளிச்சுவைக்கல. ஊசி இங்கே இருக்கு, குழாய் இங்கே இருக்கு, நாற்காலியும் இங்கேதான் இருக்கு." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

மேசைமேல் கிடந்த உள்ளுடையைப் பார்த்தாள். பட்டறைக்குத் திரும்பிப்போய் தார்ப்பாய் தைக்கலாம்தான். ஆனால் விரல்கள் இந்தக் குழாய்க்குப் பழகிவிட்டன.

தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"சரி. குழு முன்னாடி நீங்களே நடங்க. அனல் வந்து, மூடி அன்னைக்கு மாதிரியே பண்ணினா ரெண்டு ஓட்டமும் கணக்குல சேரும். வரலைன்னா முதல் ஓட்டத்தைத் தள்ளிடுவேன், நீங்க உள்ளுடையைப் பிரிச்சுத் தரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள்.

அவர் போனபிறகுதான் மீட்டர் வந்து கேட்டார். "அக்கா, ஒண்ணு கேட்கலாமா? அது சொன்னா வருமா?"

"கூப்பிட்டா வாலை ஆட்டிக்கிட்டு வர்றதுக்கு அது என்ன நாய்க்குட்டியா?"

"அப்ப எந்தத் தைரியத்துல ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கலைன்னா மட்டும்?"

குழுவில் மூன்று பேர். நரைத்த தாடிக்காரர் ஒருவர்தான் தலைமை. மற்ற இருவரும் அவர் தலையசைத்தால் தலையசைக்கிறவர்கள். காலையில் வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தையலக்கா உடைக்குள் இறங்கினாள். டாக்டரம்மா நெஞ்சில் ஒட்டவேண்டியதை ஒட்டினார். பம்புகள் முனகத் தொடங்கின.

நடந்தாள். தண்ணீர் இதமாக ஓடியது. மூடி அரைக்கண் திறந்து சுகமாக இருந்தது. தாடிக்காரர் திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேகத்தைக் கூட்டச் சொன்னாள், கூட்டினார்கள். ஒன்றும் இல்லை. வழக்கமாகத் தொலைபேசியில் தன் அக்காவோடு பேசினால் வரும். கடைவரிசையில் நின்றால் வரும். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினால் கட்டாயம் வரும். இத்தனைபேர் விழித்துக்கொண்டு காத்திருக்கும்போது, சொந்த உடம்பு சமர்த்துப் பிள்ளையாய் அடங்கிக்கிடந்தது.

'இத்தனை நாளா என் உயிரை வாங்கினியே, இன்னைக்கு எங்கே போய்த் தொலைஞ்சே?' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள்.

"பெட்டி அருமையா வேலை செய்யுதே" என்றார் தாடிக்காரர். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

சாப்பாட்டு வேளை ஆயிற்று. குழு எழுந்தது. தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். அவர் குரல் தலைக்கவசத்துக்குள் கேட்டது.

"போதும் மேடம். நிறுத்திக்கலாம். இறங்கிடுங்க."

"இறங்கமாட்டேன் சார்."

"மேடம்..."

"சம்மதம்னு சொன்னேன். எத்தனை நேரம்னு நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. டாக்டரம்மா, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நாடி நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "என்னைவிட நல்லா இருக்கு."

குழு சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனது. தலைவரால் போகமுடியவில்லை. உடைக்குள் ஆள் இருக்கும்வரை பொறுப்பாளர் கூடத்தை விட்டு அசையக்கூடாது. அவர் ஒரு நாற்காலியை இழுத்து மீட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பசியில் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எவ்வளவு நேரம்தான் நடப்பீங்க?"

"வேகத்தைக் குறைங்க. மெதுவா நடக்கறேன். மெதுவா நடந்தா ரொம்ப நேரம் நடக்கலாம்."

மீட்டர் வேகத்தைக் குறைத்தார். பம்பு முனகுகிற சத்தம்தான். தையலக்கா எதையும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள், திட்டுவதையும் விட்டுவிட்டாள். அடுத்த உள்ளுடையில் தோள்பட்டைக் குழாயை எந்தப்பக்கமாகத் திருப்பினால் உரசாது என்று யோசித்துக்கொண்டு நடந்தாள்.

நெஞ்சுக்குழியில் தீக்குச்சி கிழிந்தது.

"வருது" என்றாள்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரையில் அவளிடமிருந்து திரும்பும் தண்ணீரின் சூடு செங்குத்தாக ஏறியது. மூடி மெதுவாக, மிக மெதுவாகக் கண்ணைத் திறந்தது. கவசக் கண்ணாடிக்குள் அவள் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. கண்ணாடியில் மூச்சு படர்ந்தது.

மூடியைக் கையால் திறக்க மேசையில் ஒரு குமிழ் உண்டு. தலைவரின் கை தானாக அதன்மேல் போயிற்று. ஒரு திருப்பு திருப்பினால் போதும், உள்ளே இருப்பவளுக்கு உடனே குளிர்ச்சி கிடைக்கும்.

"தொடாதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். கண்ணாடிப் படலத்தின் வழியாக அவரை அவளால் பார்க்கக்கூட முடியவில்லை, ஆனாலும் அவர் கை எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தது. "நீங்க திறந்தா பெட்டி திறந்ததா ஆகாது. கையை எடுங்க!"

"ரொம்ப ஏறுது மேடம்..."

"ஏறட்டும். மேலே போறவளுக்குக் குமிழைத் திருப்ப நீங்க பக்கத்துல இருக்கமாட்டீங்க."

தலைவர் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். டாக்டரம்மா எழுந்து நின்று திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அனல் உச்சிக்குப் போனது, வழிந்தது, இறங்கியது. அது இறங்கிப் போனபிறகு மூடி முழுதாகத் திறந்து, நல்ல பிள்ளையாகக் குளிரைக் கொட்டியது. உடைக்குள் அவள் உடம்பு உதறுவதை வெளியே நின்றவர்களே பார்க்கமுடிந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு அடியும் தவறாமல் நடந்தாள்.

மூடி மெதுவாகத் திரும்பச் சாத்தி முடித்தது.

"இப்ப இறங்கறேன்" என்றாள் தையலக்கா.

உடையைக் கழற்ற மீட்டரும் டாக்டரம்மாவும் உதவினார்கள். உள்ளுடையோடு, குழாய் முனைகள் இடுப்பில் தொங்க, அவள் வெளியே வந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. டாக்டரம்மா ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்.

தலைவர் எதிரே வந்து நின்றார். "குழு வந்ததும் நானே சொல்லிடறேன் மேடம். நீங்க போய் உடம்பைத் துடைச்சுட்டு..."

"நானும் வர்றேன்."

"இப்படியேவா?"

"இப்படியேதான். அவங்களும் பார்க்கட்டும்."

கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றி நல்ல நாற்காலிகள் போட்டிருந்தன. சோதனைக்கூடத்து ஆட்கள் அதில் உட்காருவது வழக்கமில்லை, சுவரோரமாக நிற்பார்கள். தையலக்கா தாடிக்காரருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நல்ல மெத்தையில் ஈரம் பரவியது.

தலைவர் திரையில் இரண்டு ஓட்டங்களையும் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே அச்சாக இருந்தன. "மூடிக்கு இந்த வேகத்தை வச்சது நான்" என்றார். "பொம்மையை வச்சு அளந்தேன். மனுஷ உடம்பு இப்படியும் ஏறும்னு நான் யோசிக்கவே இல்ல. ரெண்டு ஓட்டத்தையும் கணக்குல சேர்க்கறேன். இந்த மூடியோட பெட்டி தேறாது."

தாடிக்காரர் தாடியைத் தடவினார். "இதைச் சரிபண்ண எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"மாசக்கணக்குல."

"யோசிச்சுப் பாருங்க. ஓட்டக்காரர் ஒருத்தர் தயாரா இருக்கார்னு சொன்னீங்களே. இப்போதைக்கு அவரை வச்சு முடிச்சுட்டு, இதை அப்புறமா..."

"முடிச்சுக்கலாம் சார்" என்றாள் தையலக்கா. பல் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதுக்கு முன்னாடி இங்கே ஒருதடவை நல்லாப் பாருங்க. நான் சொல்லிக்குடுத்து வந்த அனல் இல்ல இது. நடிக்கத் தெரிஞ்சிருந்தா காலையிலயே நடிச்சிருப்பேன், தலைவர் சாரும் சூடா சாப்பிடப் போயிருக்கலாம். ரெண்டுதடவை வந்துச்சு. ரெண்டுதடவையும் பெட்டி விட்டுட்டுது. இது தெரிஞ்சும் அனுப்பறதா இருந்தா, தெரிஞ்சே அனுப்பினோம்னு எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன்."

மற்ற இருவரும் தலையசைப்பதற்குத் தயாராகத் தாடிக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலை நெடுநேரம் அசையவில்லை.

"ரெண்டும் கணக்குல இருக்கட்டும்" என்றார் கடைசியில். "மூடியைத் திரும்பச் செய்ங்க."

"எல்லா வேலையும் தள்ளிப்போகுமே சார்" என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

"தள்ளிப்போகட்டும்" என்றாள் தையலக்கா.

கேட்டது அவளை இல்லை. ஆனாலும் அவள் சொன்னதே முடிவாயிற்று. குழு அடுத்த விஷயத்துக்குப் போனது. அது அவள் உட்கார்ந்து கேட்கவேண்டிய விஷயமும் இல்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குழாய்த் தண்ணீர் தரையில் சொட்டச் சொட்ட, அந்த நல்ல நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்கமாட்டாள்.